மேடத்துக்குப் புல் வைத்த கதை

மூட்டையின் வாய்க்கட்டை அவிழ்த்ததும் உள்ளிருந்து ஆவி வந்தது.

திங்கட்கிழமை காலை. மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கொட்டகையின் தகரக் கூரை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். வடித்து மூடிவைத்த சோற்றுக்குள் கை விட்டதுபோல நடுவில் சூடாக இருந்தது. வாசனையும் மோசமில்லை. லேசாகப் புளித்து, லேசாக இனித்து, மாவு பொங்கும்போது வருமே, அந்த மாதிரி.

எனக்கு அந்தச் சூடு பிடித்துப்போனது. இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரமாக ஈரத்தில் நிற்கிற ஜீவனுக்குச் சூடாக ஏதோ கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

மூட்டையைத் தூக்கிவந்து போட்டவர் கன்னியப்பன். பக்கத்துக் கம்பெனியில் புல்தரை வெட்டுகிற கான்ட்ராக்டில் வேலை. சொந்தமாக மூன்று மாடு வைத்திருப்பதால் கால்நடை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு.

"இன்னாக்கா, உள்ள கையை வுட்டுகினே நிக்கிற? பூரான் கீரான் கீதான்னு பாக்கிறியா?"

"சூடா கீதுப்பா."

"பின்ன? சனிக்கிழமை மிஷின் வுட்டு வெட்டனது. நேத்து லீவு. ரெண்டு நாளா மூட்டையிலயே கெடந்துச்சு. எங்க வூட்டு மாடு இதுக்குன்னே கயித்தை அறுத்துக்கினு ஓடியாரும். யோசிக்காத, கொட்டு."

கொட்டினேன். ஒரு மூட்டை இல்லை, இரண்டு. மேடம் தலையைக் குனிந்து, மெல்லக்கூட நேரமில்லாமல், அள்ளி அள்ளி விழுங்கினாள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரசித்தேன்.

மேடம் யார்

மேடம் ஒரு குதிரை. செம்மண் நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு, வயது பதினேழோ பதினெட்டோ. பந்தயத்தில் ஓடிய காலத்தில் வாய் நிறைய ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்ததாம். எனக்கு அது நாக்கில் நிற்கவில்லை. கேன்டீனில் யாரைக் கண்டாலும் சார், மேடம் என்று கூப்பிட்டுப் பழகிய வாய். முதல் நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது "மேடம், கொஞ்சம் நகருங்க" என்றேன். நகர்ந்தாள். அன்றைக்கு வைத்த பெயர்.

வடக்குப்பட்டுப் பக்கத்தில் மூன்று புறமும் கம்பெனிச் சுவர், நாலாவது புறம் கண்டெய்னர் லாரி போகிற ரோடு. நடுவில் ஓனருடைய நிலம். ஓனர் சென்னையில் பல் டாக்டர். மகள் குதிரை ஏறக் கற்றுக்கொள்கிறாள் என்று இரண்டு குதிரை வாங்கி இங்கே கொட்டகை போட்டார். மகள் படிக்க வெளிநாடு போனாள். ஒரு குதிரையை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். மேடத்துக்கு முன்னங்கால் ஒன்று கொஞ்சம் இழுக்கும், அதனால் கேட்க ஆளில்லை.

என்னையும் கேட்க ஆளில்லாத நேரம் அது. என் வீட்டுக்காரர் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. கேன்டீன் கான்ட்ராக்ட் கைமாறி, புதிதாக வந்தவர்கள் அவர்களுடைய ஆட்களையே கொண்டுவந்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் சூப்பர்வைசராக நின்று ஆயிரம் பேருக்குச் சாப்பாடு போட்டவள், வீட்டில் ஒரு ஆளுக்குக் குக்கர் வைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எத்தனை குறைத்து வைத்தாலும் மிஞ்சும். மிஞ்சியதைத் தெரு நாய்க்குப் போடுவேன். அப்புறம் ஒரு வேளை சமைப்பதையே விட்டுவிட்டேன். குதிரையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சர்ச்சில் யாரோ சொன்னபோது, குதிரையை நேரில் பார்த்ததே இல்லை என்றாலும் சரி என்றேன். பேச்சுக்கு ஒரு உயிர் இருக்குமே என்றுதான். சம்பளம் இரண்டாம் பட்சம்.

தட்டு காலியாக வேண்டும்

கம்பெனிக் கேன்டீனில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். தட்டைக் கழுவப் போடுகிற இடத்தில் ஒரு போர்டு இருக்கும். நேற்று வீணான சாப்பாடு இத்தனை கிலோ என்று அதில் எழுதுவார்கள். எழுதியது நான். அந்தக் கிலோவைக் குறைப்பதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. தட்டில் சாம்பார் சாதத்தை மிச்சம் வைத்த ஒரு இன்ஜினியரை வரிசைக்கு நடுவில் நிறுத்தி "வீட்டுல இப்படித்தான் வைப்பீங்களா சார்" என்று கேட்டிருக்கிறேன். அவர் அதற்குப் பிறகு டிபன் பாக்ஸ் கொண்டுவர ஆரம்பித்தார். போன வாரத்து அத்தியாயத்தில் இதைத் தொட்டு எழுதியிருந்தேன். படித்த ஒருவர், "அம்மா, அந்த இன்ஜினியர் நான்தான்" என்று எழுதியிருக்கிறார். நல்லது சார். இப்போதாவது மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள்.

அதே புத்தியோடுதான் கொட்டகைக்குள் நுழைந்தேன். காலை ஆறு, மதியம் இரண்டு, சாயங்காலம் ஆறு. ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு மூன்று வேளை. வாலாஜாபாத் பக்கமிருந்து குட்டி யானை மினி லாரியில் வருகிற காய்ந்த புல்லை, தராசில் நிறுத்து, அளந்து வைப்பேன். மேடம் ஒரு மணி நேரத்தில் துடைத்து வைத்துவிடுவாள். ஒரு துரும்பு மிச்சமிருக்காது. எனக்கு அப்படி ஒரு பெருமை.

மீதி நேரமெல்லாம் மேடம் கதவுக் கட்டையைக் கடித்தாள். சுவரை நக்கினாள். கொழுப்பு என்று நினைத்துக் கட்டையில் வேப்பெண்ணெய் தடவினேன். அதையும் சேர்த்துக் கடித்தாள்.

கோவளம் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் வேலை பார்க்கிற பாஷா பாய், ஒன்றரை மாதத்துக்கு ஒரு தடவை வந்து மேடத்தின் குளம்பைச் சீவிவிட்டுப் போவார். அறுபது வயசு, அதில் ஐம்பது குதிரையோடு போனது. கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தினி வாட்டி போடறம்மா?"

"மூணு வேளை. டைமுக்கு."

"அது இன்னா ஷிப்டுக்கா போவுது? காலையிலேர்ந்து பொழுது சாயற வரிக்கும், அதுக்கப்புறமும், கொஞ்சம் கொஞ்சமா மென்னுகினே இருக்கணும் அதுக்கு. வயிறு காலியாச்சுன்னா உள்ள எரியும். அதான் கதவைத் துன்னுது."

எப்போதும் முன்னால் புல் இருக்க வேண்டுமாம். மிச்சம் இருக்க வேண்டுமாம். என் இருபத்திரண்டு வருஷப் போர்டை அழித்துவிட்டார் மனுஷன்.

மேலேயா கீழேயா

எப்போதும் புல் இருக்கட்டும், சரி. அதை எப்படி வைப்பது என்பது அடுத்த பாடு.

தரையில் போட்டேன். குதிரை தலையைத் தாழ்த்தித் தின்பதுதான் இயற்கை என்றார் பாய். ஆனால் எங்கள் நிலத்து மண் மணற்பாங்கு. புல்லோடு மணலும் போகும். குதிரைச் சாணத்தை லத்தி என்பார்கள். பாய் ஒரு உருண்டையை எடுத்து பக்கெட் தண்ணீரில் கரைத்தார். சற்று நேரம் கழித்து நீரைச் சாய்த்தால், அடியில் ஒரு கைப்பிடி மணல். இது வயிற்றில் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும் என்றார். கம்பெனியில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட் ரப்பரை வாங்கிவந்து விரித்து, அதன்மேல் போட்டேன். மேடம் பாதியைத் தின்றாள், மீதியை மிதித்தாள், அதன்மேலேயே மூத்திரமும் பெய்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

வெல்டிங் கடையில் சொல்லி, என் தலை உயரத்துக்கு ஒரு கம்பிக் கூடை அடித்து மாட்டினேன். ஒரு துரும்பு வீணாகவில்லை. ஆனால் அண்ணாந்து இழுக்கும்போது தூசியெல்லாம் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. நாலு நாளில் இருமல். கண்ணோரம் பீளை கட்டி, அழுத மாதிரியே நின்றாள். கழற்றிப் போட்டேன்.

இப்படி நான் மேலும் கீழுமாக அலைந்துகொண்டிருந்தபோதுதான் மழை பிடித்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறதா என்று எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த வாரம். வாலாஜாபாத் வண்டி வரவில்லை. இருந்த புல்லில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அப்போதுதான் கன்னியப்பன் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார். வெட்டின புல் மூட்டை மூட்டையா வீணாப் போவுதுக்கா என்றார்.

வீணாகிறது என்ற வார்த்தை போதும் எனக்கு. யாரிடமும் கேட்கவில்லை. பாய்க்கு ஒரு போன் போட்டிருக்கலாம், போடவில்லை.

மாடு இல்லை

அந்தத் திங்கட்கிழமை பத்து மணி வாக்கில் மேடம் முன்னங்காலால் தரையைச் சுரண்ட ஆரம்பித்தாள். திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். அப்புறம் படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்துப் புரண்டாள். கழுத்தெல்லாம் வியர்வை. வயிறு ஒரு பக்கம் உப்பியிருந்தது.

வாலாஜாபாத்திலிருந்து கால்நடை டாக்டரம்மா ஸ்கூட்டியில் மழைக்கோட்டோடு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை. சின்ன வயசுப் பெண், திருநெல்வேலிப் பக்கம். அவர் வருவதற்குள் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். காலி மூட்டை இரண்டையும் மடித்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டேன்.

வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டவர் முகம் மாறியது.

"என்னம்மா தீனி போட்டீங்க?"

"வழக்கமா போடற காஞ்ச புல்லுதான்."

"வேற ஒண்ணும் போடலியே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் நான் மருந்து கொடுக்கணும்."

"இல்லம்மா."

மேடம் முனகினாள். குதிரை முனகிக் கேட்டதுண்டா? மனுஷர் முனகுவது மாதிரியேதான் இருக்கும். என்னைப் பார்த்துக்கொண்டே முனகினாள். நான் தொட்டிக்குப் பின்னால் போய் மூட்டைகளை எடுத்துவந்து டாக்டரம்மா காலடியில் போட்டேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, வேலை செய்துகொண்டே சொன்னார்.

"மிஷின்ல பொடியா வெட்டின புல்லை மெல்லாம முழுங்கிரும்மா. மூட்டையில கெடந்து புளிச்சது உள்ள போயும் பொங்கும். மாடுன்னா அசை போடும், ஏப்பம் விடும். குதிரையால ஏப்பமும் விட முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. உள்ள போனது போனதுதான்."

மூக்கு வழியாக வயிறு வரை ஒரு குழாயை இறக்கினார். காற்று புஸ்ஸென்று வந்தது, கூடவே அந்தப் புளித்த வாசனை. காலையில் எனக்குப் பிடித்த அதே வாசனை. எண்ணெய் ஊற்றினார், ஊசி போட்டார், மெதுவாக நடத்தச் சொன்னார். நடத்தினேன். மழைத் தூறலில், சுவரோரமாக, போய்ப் போய்த் திரும்பினேன். ஷிப்ட் பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. "மேடம், என்னை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று அவள் காதோரம் சொல்லிக்கொண்டே நடந்தேன். என் வீட்டுக்காரரிடம்கூட அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், கூச்சமாக இருந்தது.

நாலரை மணிக்கு மேடம் லத்தி போட்டாள். டாக்டரம்மா கைதட்டினார். நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வலை

அதற்குப் பிறகு டாக்டரம்மாவும் பாயும் சொன்னதை அப்படியே கேட்டேன். ஏரியில் மீன் பிடிக்கிறவர்களிடம் சின்னக் கண் வலை வாங்கி, மூன்று பை மாதிரி தைத்தேன். அதில் காய்ந்த புல்லை அடைத்து, தூசி போகத் தண்ணீரில் முக்கி எடுத்து, மேடத்தின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினேன். இன்னும் தாழ்த்திக் கட்டினால் குளம்பு மாட்டிக்கொள்ளும், ஏற்றிக் கட்டினால் கண்ணில் விழும். சின்னக் கண் என்பதால் ஒவ்வொரு வாயாகத்தான் இழுக்க முடியும். மணல் இல்லை, தூசி இல்லை, மிதிப்பதில்லை. ஒரு வலை தீரப் பல மணி நேரம் ஆகும். கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

காலையில் கட்டிய வலை மறுநாள் காலை முக்கால்வாசி அப்படியே தொங்கியது.

ஒளிந்து நின்று கவனித்தேன். மேடம் ஒரு வாய் இழுப்பாள். ரோட்டில் லாரி ஹாரன் அடித்ததும் தலையைத் தூக்குவாள். காதை முன்னால் நீட்டி, வாயில் புல் தொங்க, அப்படியே நிற்பாள். அது போனதும் குனிவாள். கம்பெனியில் சங்கு ஊதியதும் மறுபடி தலை மேலே போகும். முன்பு அரைப் பட்டினியில் அவசரமாக விழுங்கியபோது இது எனக்குத் தெரியவேயில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "குதிரை தனியா இருக்கிற பிராணி இல்லம்மா. ரெண்டு மூணு சேர்ந்து இருந்தா, ஒண்ணு காவலுக்கு நிக்கும், மத்தது நிம்மதியாத் திங்கும். இங்க ரெண்டு வேலையையும் இதுவே பாக்குது" என்றார்.

கன்னியப்பன், செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, ஒரு வெள்ளாட்டைத் துணைக்குக் கொண்டுவந்து கட்டினார். ஆடு வலையைக் கிழித்துப் புல்லைத் தின்றுவிட்டு மூன்றாம் நாள் சுவர் ஏறிக் கம்பெனித் தோட்டத்துக்குள் குதித்துவிட்டது. செக்யூரிட்டி ஆபீஸில் போய் ஆட்டை மீட்டுவந்தோம்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். வலைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டுவந்து, மேடத்தின் எதிரில் சாப்பிட ஆரம்பித்தேன். ஹாரன் அடித்தால் அவள் என்னைப் பார்ப்பாள். நான் மென்றுகொண்டே இருப்பேன். பார்த்துவிட்டு அவளும் குனிந்து இழுப்பாள். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. ரசம்கூட வைத்தேன். சாப்பாடு ருசியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? வெறும் ரசம் சாதம், வற்றல். ருசியாக இருந்தது.

ஆனால் நான் எழுந்து வீட்டுக்குப் போனால் வலை அப்படியே நிற்கும். எத்தனை நேரம் ஒருத்தி உட்கார முடியும்? மேடத்தின் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

ஓனரின் போன்

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நான் வருகிற நேரத்துக்கு ஓனர் போன் பண்ணுவார். இரண்டே கேள்வி கேட்பார்.

"ஸ்டெல்லாம்மா, எப்படி இருக்கீங்க? அது நல்லா சாப்பிடுதா?"

நல்லா சாப்பிடுது சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வந்து பார்க்கப்போவதில்லை. நாற்காலி அங்கேயே இருக்கும், நானும் அவளும் எதிரெதிரே சாப்பிடுவோம். அந்த வாக்கியத்தை வழியெல்லாம் மனசில் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன்.

"இல்ல சார். வச்சது வச்சபடி இருக்கு."

"ஏன், புல்லை மாத்தணுமா?"

"புல்லு நல்ல புல்லுதான் சார். வைக்கிறதும் சரியாத்தான் வைக்கிறேன். கூட இன்னொரு குதிரை வேணும் அதுக்கு. பாஷா பாய் பண்ணையில நாலஞ்சு இருக்கு. அங்க அனுப்பிடுங்க."

"அப்ப நீங்க?" என்றார்.

"நான் எங்க சார் போகப்போறேன்? வடக்குப்பட்டுலதான் இருப்பேன்."

அந்த வாரமே பாஷா பாய் வண்டி கொண்டுவந்தார். வலை மூன்றையும் மடித்துக் கொடுத்தேன். நெஞ்சு உயரம், தண்ணீரில் முக்கியெடுப்பது, சின்னக் கண், பொடிப் புல் கூடவே கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனேன். ஐம்பது வருஷம் குதிரையோடு இருந்த மனுஷர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மேடம் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

பத்து நாள் போன் பண்ணவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்கவே பயம். பதினோராம் நாள் மதியம் பண்ணிவிட்டேன்.

"வாம்மா, உனக்கு நூறு ஆயுசு. இப்பதான் வலையைக் கட்டிட்டு வந்தேன். பக்கத்துல ஒரு கெய்வன் கீறான், வெள்ளைக் குதிரை. ரெண்டும் ஒரே வலையில மூஞ்சியை வச்சிகினு துன்னுதுங்க. இரு, காதுகிட்ட போனை வைக்கிறேன், பேசு."

மெல்லுகிற சத்தம் கேட்டது. கரக் கரக்கென்று, நிறுத்தாமல். "மேடம்" என்றேன். சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் உரக்க, "மேடம், நான்தான்" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மெல்லுகிற சத்தம் அப்போதும் நிற்கவில்லை.

பாய் போனை வாங்கினார். குரல் சங்கடமாக இருந்தது.

"தலையே தூக்கலம்மா. காதுகூட ஆட்டல. தப்பா எடுத்துக்காத. இன்னொரு தபா வேணா கூப்டு பாரேன்."

"வேணாம் பாய்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், கண்ணீர் நிற்கவில்லை. "சாப்பிடறப்ப கூப்பிடாதீங்க. சாப்பிடட்டும்."